வராத சுரம்

ஜெர்மனியின் காசெல் நகரத்துத் தலைமை ரயில் நிலையம் பெயருக்குத்தான் தலைமை. 1991இல் அதிவேக வண்டிகளுக்காக நகரின் மேற்கே வேறொரு நிலையம் திறந்த பிறகு, இங்கே பெரும்பாலும் வட்டார வண்டிகள்தான் வந்து போகின்றன. 2012 கோடையில் இந்த நிலையத்து நடைமேடை ஒன்றின் கடைக்கோடி வரைக்கும் தினமும் ஆட்கள் நடந்து போனார்கள். கையில் பெட்டி இல்லை, எந்த வண்டிக்கும் அவர்கள் காத்திருக்கவில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அந்த ஊரில் நூறு நாள் நடக்கும் டாக்குமென்டா கலைக்காட்சிக்கு வந்தவர்கள் அவர்கள்.

நடைமேடை முடியும் இடத்தில் பார்ப்பதற்கு ஒன்றுமே கிடையாது. தண்டவாளம், சரளைக்கல், நடுவே முளைத்த களை, தலைக்கு மேல் மின்கம்பி. திடீரென்று எங்கிருந்தோ ஒரு செல்லோ ஒரு சுரத்தை இழுத்தது. நின்றது. கொஞ்ச நேரம் வெறும் காற்று. பிறகு இன்னொரு திசையில், இன்னும் தள்ளி, ஒரு வியோலா. அதுவும் நின்றது. மறுபடி வெறுமை. இப்படியே சில நிமிடங்கள். மெட்டு என்று சொல்ல எதுவும் சேரவில்லை. ஆனாலும் கேட்டவர்கள் நகராமல் நின்றார்கள்.

அது ஸ்காட்லாந்துக் கலைஞர் சூசன் ஃபிலிப்ஸ் செய்த 'ஸ்டடி ஃபார் ஸ்ட்ரிங்ஸ்'. மூல இசை அவருடையது அல்ல. பாவெல் ஹாஸ் என்ற செக் நாட்டு யூதர் 1943இல் தந்தி வாத்தியக் குழுவுக்காக அதை எழுதினார். எழுதிய இடம் தெரேசியன்ஷ்டாட் என்னும் நாஜி வதைமுகாம். யூதர்களை எவ்வளவு நன்றாக வைத்திருக்கிறோம் பாருங்கள் என்று உலகுக்குக் காட்ட 1944இல் நாஜிகள் அங்கே ஒரு பிரசாரப் படம் எடுத்தார்கள். கைதிகளின் வாத்தியக் குழு அந்தப் படத்தில் ஹாஸின் இசையை வாசிக்கிறது. வாசித்து முடிந்ததும் ஹாஸ் தலைவணங்குகிறார். அந்த ஆண்டு அக்டோபரில் அவரையும் குழுவில் பெரும்பாலோரையும் ஆஷ்விட்ஸுக்கு ஏற்றினார்கள். அக்டோபர் 17 அன்று ஹாஸ் கொல்லப்பட்டார். குழுவை நடத்திய காரெல் ஆன்செர்ல் பிழைத்தார். எஞ்சிய தாள்களிலிருந்து அந்த இசை பிற்பாடு மீட்டெடுக்கப்பட்டது.

வயலின், வியோலா, செல்லோ, டபுள் பேஸ் எல்லாம் சேர்ந்து வாசிக்க வேண்டிய இசை அது. ஃபிலிப்ஸ் வியோலாவின் பகுதியையும் செல்லோவின் பகுதியையும் மட்டும் வாசிக்கச் சொல்லிப் பதிந்துகொண்டார். மற்றவர்கள் வாசிக்க வேண்டிய நேரத்தை மௌனமாக அப்படியே விட்டுவிட்டார். பதிவைத் தண்டவாளங்களின் ஓரமாகப் பல ஒலிபெருக்கிகளில் பிரித்து வைத்தார். காசெல் வட்டாரத்து யூதர்களை ஏற்றிய வண்டிகள் புறப்பட்டது இதே நிலையத்திலிருந்துதான். 1941 டிசம்பரில் ஒன்று ரீகாவுக்கு, 1942 ஜூனில் ஒன்று லுப்லின் பக்கம். 1942 செப்டம்பரில் போனது தெரேசியன்ஷ்டாட்டுக்கே.

ஒலிக்கலை என்று இன்று அழைக்கப்படும் துறையில் நான் அறிந்தவரை இதைவிடக் கடுமையான படைப்பு இல்லை. இத்தனைக்கும் அது செய்வது ஒன்றே ஒன்றுதான்: வரவேண்டியதை வரவிடாமல் செய்கிறது. அது ஏன் நெஞ்சை அடைக்கிறது என்று கேட்டால், பதில் பாதி காதிலும் மூளையிலும் இருக்கிறது. மீதிப் பாதி வேறிடத்தில்.

*

மின்வெட்டு இரவு ஒன்றை நினைத்துப் பாருங்கள். கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்த விசிறி நின்றதும் வீட்டில் ஒருவர் பின் ஒருவராகப் புரண்டு படுப்பார்கள், யாராவது எழுந்து உட்காருவார்கள். உடம்பு வியர்க்க இன்னும் சில நிமிடம் ஆகும். சூடு எழுப்புவதற்கு முன்பே, சத்தம் நின்றது எழுப்பிவிட்டது. அப்படியென்றால் தூங்கிக்கொண்டிருந்த மூளை அவ்வளவு நேரமும் விசிறியைக் கணக்கில் வைத்திருக்கிறது.

காது ஒரு திறந்த கதவு, சத்தம் வந்தால் உள்ளே போகும் என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். நடப்பது அதற்கு நேர்மாறு என்றே சொல்லலாம். அடுத்து என்ன வரும் என்று மூளை முன்கூட்டியே ஒரு ஊகம் போட்டுக்கொண்டு, வந்ததை அந்த ஊகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒத்துப்போனால் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ஒத்துப்போகாவிட்டால் மணி அடிக்கிறது. அந்த மணியை முதலில் அளந்து காட்டியவர் பின்லாந்து உளவியலாளர் ரிஸ்டோ நாத்தனென். 1978இல் வெளியான ஆய்வு அது. ஒரே மாதிரியான ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்கவைத்து, நடுவில் ஒன்றை மட்டும் கொஞ்சம் மாற்றினால், மாறிய கணத்திலிருந்து ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கோ இரு பங்கோ கழிந்து தலையில் ஒட்டிய மின்முனைகளில் தனியாக ஒரு அலை எழும். கேட்பவர் கவனிக்கவே வேண்டாம். புத்தகம் படித்துக்கொண்டிருந்தாலும் எழும்.

இதில் நமக்கு வேண்டியது பின்னால் வந்த ஒரு சோதனை வகை. ஒலியை மாற்றுவதற்குப் பதிலாக ஒன்றைப் போடாமலே விட்டுவிட்டார்கள். அப்போதும் அலை எழுந்தது. காதுக்குள் எதுவும் நுழையாத நேரத்தில், நுழைந்திருக்க வேண்டிய ஒன்றுக்காக மூளை எழுப்பிய அலை அது.

2005இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரி ஆய்வாளர்கள் இதைப் பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஆட்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, அவர்களுக்குத் தெரிந்த பாடல்களையும் தெரியாத பாடல்களையும் ஒலிக்கவிட்டு, இடையிடையே சில நொடிகள் ஒலியை வெட்டிவிட்டார்கள். தெரிந்த பாட்டு வெட்டுப்பட்ட நொடிகளில் செவிப்புலப் புறணி தொடர்ந்து வேலை செய்தது. பாட்டு மனசுக்குள் ஓடிக்கொண்டேதான் இருந்தது என்று படுத்திருந்தவர்களும் சொன்னார்கள். 'பிங்க் பாந்தர்' படத்து இசைபோல வார்த்தையே இல்லாதவற்றுக்கு அந்தச் செயல்பாடு இன்னும் ஆழத்தில், ஒலியை முதலில் வாங்கும் பகுதி வரை போனது.

இங்கே கறாரான வாசகர் ஒருவர் கையைத் தூக்குவார். தெரிந்த பாட்டு என்றால் சரி. காசெலில் நின்றவர்களில் எத்தனை பேருக்கு ஹாஸின் இசை தெரிந்திருக்கும்? அநேகமாக யாருக்கும் தெரியாது. பிறகு எந்த ஊகம், எந்த மணி?

நியாயமான கேள்வி. கச்சேரி மேடையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பாடகரும் இல்லை, வயலினும் இல்லை. தம்புராவும் கடமும் மட்டும் இருக்கின்றன. கட வித்வான் ஒரு முழுப் பாட்டுக்கும் எப்படி வாசிப்பாரோ அப்படியே வாசிக்கிறார். பாட்டு என்னவென்று உங்களுக்குத் தெரியாது. ஆனால் அவர் எங்கே அடக்கி வாசிக்கிறார், எங்கே விட்டுக்கொடுக்கிறார் என்பதே அங்கே வேறொருவர் இருந்திருக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்துவிடும். வியோலாவும் அப்படி ஒரு வாத்தியம். குழுவில் பெரும்பாலும் நடுவில் நின்று தாங்கிப் பிடிக்கும், முன்னால் வந்து பேசுவது குறைவு. தாங்குபவர் மட்டும் தாங்கிக்கொண்டு நின்றால், எதைத் தாங்குகிறார் என்ற கேள்வி தானாக வரும். மெட்டு தெரியாத காதுக்கும் பள்ளம் தெரியும்.

*

ஆனால் பள்ளம் தெரிவது வேறு, துக்கம் வருவது வேறு.

ஒலிக்குள்ளேயே உணர்ச்சி அடைபட்டிருக்கிறதா? இந்தக் கேள்விக்கு நல்ல சோதனை ஒன்று உண்டு. கேமரூன் நாட்டின் வடக்கே மலைப்பகுதியில் வாழும் மாஃபா மக்களிடம், மேற்கத்திய இசை அதுவரை காதில் விழாதவர்களிடம், ஜெர்மானிய ஆய்வாளர் தாமஸ் ஃபிரிட்ஸ் மேற்கத்திய பியானோ இசைத் துண்டுகளைப் போட்டுக் காட்டினார். மகிழ்ச்சி, சோகம், பயம் ஆகிய மூன்று முகப்படங்களில் எது பொருந்தும் என்று கேட்டார். குருட்டாம்போக்கில் சொன்னால் வரும் அளவைவிட அதிகமாகவே சரியாகச் சொன்னார்கள். 2009இல் வெளிவந்த இந்த முடிவைப் பிடித்துக்கொண்டு 'இசை உலகப் பொதுமொழி' என்று மேடையில் முழங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. இது சோக இசை என்று கண்டுபிடிப்பதும், கேட்டுவிட்டுச் சோகப்படுவதும் ஒன்றல்ல. எதிர் வீட்டுக் குழந்தை அழுகிறது என்று எனக்குத் தெரிகிறது. அதனால் நான் அழுவதில்லை.

இந்த வித்தியாசத்தை மிக விசித்திரமாகக் காட்டிய படைப்பு ஒரு விபத்தில் பிறந்தது. நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த வில்லியம் பசின்ஸ்கி, இருபது ஆண்டுக்கு முன் தாம் செய்த காந்த நாடாச் சுருள்களை 2001 கோடையில் எண்மப் பதிவாக மாற்றிக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் நாடாவின் மேல் இரும்பு ஆக்சைடுத் தூளைப் பசைவைத்து ஒட்டியிருப்பார்கள். அந்தத் தூளின் காந்தத்தில்தான் ஒலி இருக்கிறது. பழைய நாடாவில் பசை தளர்ந்துபோயிருந்ததால், கருவியின் தலையை உரசி ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் தூள் உதிர்ந்தது. சில நொடி நீள மெட்டு ஒன்று சுற்றிச் சுற்றி வரும்போதே நடுவில் ஓட்டை விழுந்து, ஓட்டை பெரிதாகி, கடைசியில் உதிர்ந்த இடங்களின் மௌனம்தான் மிச்சம். முதல் பகுதி மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீள்கிறது. நாடா சாவதைப் பசின்ஸ்கி தடுக்கவில்லை, பதிந்துகொண்டார்.

செப்டம்பர் 11 அன்று வீட்டு மொட்டைமாடியிலிருந்து அவர் இரட்டைக் கோபுரங்கள் விழுந்த இடத்தின் புகையைப் பார்த்தார். பகல் வெளிச்சத்தின் கடைசி ஒரு மணி நேரத்தைப் படம்பிடித்து வைத்தார், அந்த இசையை அதோடு சேர்த்தார். இன்று 'டிஸின்டகிரேஷன் லூப்ஸ்' என்ற பெயரைக் கேட்டாலே அந்த நாளுக்கான இரங்கல் என்றுதான் உலகம் நினைக்கிறது. ஆனால் நாடா உதிர்ந்தது அந்த நாளுக்கு முன்பு. ஆகஸ்டில் அது ஒரு தொழில்நுட்பக் கோளாறு, கொஞ்சம் அழகான கோளாறு. செப்டம்பரில் ஒரு நகரத்தின் ஒப்பாரி. காற்றில் அழுத்த அலைகள் ஒரு துளியும் மாறவில்லை.

காசெலில் ஹாஸின் கதை தெரியாமல் நின்றவருக்கு என்ன கிடைத்திருக்கும்? ஒரு தனிமை, ஒரு எதிர்பார்ப்பு, ஒருவேளை கொஞ்சம் சலிப்பும். கதை தெரிந்த பிறகு ஒவ்வொரு இடைவெளிக்கும் ஆள் வந்துவிடுகிறது. 'அப்படியானால் அது ஒலியின் வெற்றி அல்ல, சுவரில் ஒட்டிய குறிப்பின் வெற்றி' என்று விமர்சகர்கள் சிலர் முகம் சுளிப்பதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. குறிப்பை மட்டும் படித்தால் ஒரு தகவல் தெரியும், அவ்வளவுதான். எதிர்பார்த்து ஏமாறும் வேலையைக் காது நிமிடக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்த பிறகே அந்தத் தகவல் உடம்புக்குள் இறங்குகிறது.

உடம்பு என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். உணர்ச்சிக்குத் தொல்காப்பியம் வைத்த பெயர் மெய்ப்பாடு. மெய்யில் படுவது. 2011இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் வலோரி சலிம்பூரும் ராபர்ட் ஸட்டோரேவும் இசை கேட்டுப் புல்லரிப்பவர்களின் மூளையில் டோபமைன் எங்கே சுரக்கிறது என்று பார்த்தபோது இரண்டு இடங்கள் கிடைத்தன. புல்லரிக்கும் கணத்தில் ஓரிடம், அந்தக் கணம் வரப்போகிறது என்று காத்திருக்கும் நொடிகளில் வேறோரிடம். காத்திருப்புக்கென்று மூளையில் தனிக் கணக்கே இருக்கிறது. ஃபிலிப்ஸ் கைவைத்தது இந்தக் கணக்கில் என்று நான் நினைக்கிறேன். அவர் காத்திருக்க வைக்கிறார், கடனைத் தீர்க்காமல் போய்விடுகிறார்.

*

ஃபிலிப்ஸ் படித்தது சிற்பம். இசையை முறையாகக் கற்றவர் அல்லர், தாமே பாடுவார். 2010இல் கிளாஸ்கோ நகரில் கிளைட் ஆற்றின் மூன்று பாலங்களுக்கு அடியில் ஒலிபெருக்கிகளை வைத்து ஒரு பழைய ஸ்காட்லாந்து இரங்கல் பாட்டைத் தம் குரலில் ஒலிக்கவிட்டார். கடலில் மூழ்கியவனின் ஆவி காதலியிடம் விடைபெற வருகிற பாட்டு அது. அதன் மூன்று வடிவங்களைப் பாடி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருந்தார். 'லோலேண்ட்ஸ்' என்ற அந்தப் படைப்புக்கு அவ்வாண்டின் டர்னர் பரிசு கிடைத்தது. பிரிட்டனின் பெரிய கலைப்பரிசு, வெறும் ஒலியால் ஆன ஒன்றுக்கு முதன்முறையாக. (பரிசளிப்பு நடந்த மாலையில் கல்விக் கட்டண உயர்வை எதிர்த்து மாணவர்கள் அங்கேயே முழக்கமிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒலிக்குக் கிடைத்த பரிசை ஒலியே மூழ்கடிக்கப் பார்த்தது. ஃபிலிப்ஸ் மாணவர்கள் பக்கம்தான் பேசினார்.)

அந்தக் குரலில் பயிற்சியின் மெருகு இல்லை. மூச்சு இழுப்பது கேட்கும். அடி முடியும்போது சுரம் லேசாகத் தளரும். தேர்ந்த பாடகி ஒருவர் இதைப் பாடியிருந்தால் 'என்ன அழகாகப் பாடுகிறார்' என்று பாராட்டிவிட்டு ஆற்றங்கரையோடு நடந்திருப்போம். இங்கே நம் தெருவில் யாரோ ஒருத்தி தனக்குத்தானே பாடுவதுபோல இருக்கிறது, கால் நின்றுவிடுகிறது.

துயரக் குரலுக்கு அடையாளங்கள் உண்டு: வேகம் குறைவு, ஒலி தணிவு, சுருதி தாழ்வு, ஏற்ற இறக்கம் சுருக்கம். ஸ்வீடனில் பேட்ரிக் யூஸ்லினும் பெட்ரி லௌக்காவும் பேச்சில் உணர்ச்சி பற்றிய 104 ஆய்வுகளையும் இசை வாசிப்பில் உணர்ச்சி பற்றிய 41 ஆய்வுகளையும் 2003இல் அடுக்கிப் பார்த்தார்கள். வாத்தியக்காரர் சோகத்தை வாசிக்கும்போது செய்வதும், சோகப்பட்ட மனிதர் பேசும்போது தொண்டையில் நடப்பதும் பெருமளவு ஒத்துப்போயின. ஏன் ஒத்துப்போக வேண்டும் என்பதற்கு 1857இலேயே ஆங்கிலச் சிந்தனையாளர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் ஒரு பதில் எழுதிவைத்தார். உணர்ச்சி தசைகளை இயக்குகிறது, குரல் என்பது தசைகளின் வேலை, ஆகவே மனசு மாறினால் குரல் மாறித்தான் ஆகவேண்டும் என்பது அவர் வாதம். நாம் இதை எந்த நூலும் படிக்காமல் சொல்லிக்கொண்டிருக்கிறோம்: தொண்டை அடைத்தது, நா தழுதழுத்தது, குரல் உடைந்தது, குரல் கம்மியது. இவை உருவகங்கள் இல்லை. குரல்நாண் இறுக்கம், மூச்சழுத்தம், தொண்டைத் தசைப் பிடிப்பு ஆகியவற்றின் நேரடி வர்ணனை. எழவு வீட்டில் ஒப்பாரி கேட்டவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். அடி முடியும் இடத்தில் பாட்டு விம்மலாக மாறும் அந்த நூலிழையில், எது பாட்டு எது அழுகை என்று பிரிக்க முடியாது. ஃபிலிப்ஸின் மூச்சு ஒலிகள் வேலை செய்வது அந்த நூலிழைக்குப் பக்கத்தில்தான்.

பாலத்தின் அடி என்பதும் சும்மா கிடைத்த இடமல்ல. கல் வளைவும் தண்ணீரும் ஒலியைத் திருப்பித் திருப்பி அனுப்புகின்றன. ஒரு குரலின் நேரடி ஒலி குறைந்து எதிரொலி கூடினால், பேசுபவர் தொலைவில் இருக்கிறார் என்று மூளை கணக்குப் போடும். சொற்கள் காதருகே வருகின்றன, ஆள் எங்கோ இருக்கிறார். ஆவி பாடும் பாட்டுக்கு வேறென்ன வேண்டும்?

*

தொலைவைப் பற்றிப் பேசினால் ஜேனட் கார்டிஃபைப் பேசாமல் தாண்ட முடியாது. கனடாவைச் சேர்ந்த அவர் 2001இல் செய்த 'ஃபார்ட்டி பார்ட் மோட்டெட்' உலகம் முழுக்கச் சுற்றியது. பார்ப்பதற்கு வெறும் அறை. நாற்பது ஒலிபெருக்கிகள் தாங்கிகளின் மேல் நீள்வட்டமாக, ஆள் தலை உயரத்தில் நிற்கின்றன. பாட்டு, இங்கிலாந்தின் தாமஸ் டாலிஸ் 1570 வாக்கில் நாற்பது தனித்தனிக் குரல்வரிகளுக்கு எழுதிய தேவாலய இசை. ஐந்து குரல் கொண்ட எட்டுக் குழுக்கள். சால்ஸ்பரி தேவாலயப் பாடகர்களைப் பாடவைத்து, ஒவ்வொரு குரல்வரியையும் தனித்தனி ஒலிவாங்கியில் பதிந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒலிபெருக்கி கொடுத்தார் கார்டிஃப். நடுவில் நின்றால் நாற்பதும் ஒன்றாகிப் பேரலையாகச் சூழும். ஒரு பெட்டியை நெருங்கினால் மற்ற முப்பத்தொன்பதும் பின்வாங்கி, ஒரு சிறுவனின் குரல் மட்டும், அவன் எச்சில் விழுங்குவது உட்பட, காதில் விழும்.

ஒலியின் பௌதிகம் இதற்குக் கைகொடுக்கிறது. திறந்த வெளியில் தொலைவு இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். பாதியானால் 6 டெசிபல் கூடும். பாடகரிடமிருந்து 16 மீட்டர் தள்ளி அமர்ந்திருக்கும் ரசிகர் அரை மீட்டருக்கு வந்தால் ஐந்து முறை பாதியாக்கல், 30 டெசிபல் ஏற்றம். கேட்கும் உணர்வில் ஏறக்குறைய எட்டு மடங்கு சத்தம். அரங்கில் எந்த ரசிகருக்கும் இந்த அரை மீட்டர் வாய்ப்பதில்லை. போய் நின்றால் பாடகர் பாட்டை நிறுத்திவிடுவார். திசையிலும் இதே கதை. பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி ஒரு காதைத் தொட்டபின் மறுகாதைத் தொட எடுக்கும் நேரம், மிஞ்சிப்போனால் ஒரு நொடியின் ஆயிரத்தில் முக்கால் பங்குக்கும் குறைவு. நாம் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய வித்தியாசமோ நொடியின் லட்சத்தில் ஒரு பங்கு. அந்த நுட்பத்தால்தான் நடக்க நடக்க ஒவ்வொரு குரலும் தன் இடத்திலேயே ஊன்றி நிற்கிறது, நிஜ ஆள் நிற்பதைப்போல.

பெட்டி என்று தெரிந்தும் மக்கள் அதை மனித முகம்போல நடத்துகிறார்கள். ஒன்றின் எதிரே நின்று கண்மூடுகிறார்கள், நகரும்போது அடுத்தவர் மேல் இடித்துவிடக் கூடாது என்பதுபோல ஒதுங்குகிறார்கள். பதினான்கு நிமிடச் சுற்றில் பாட்டு பதினொன்று. மீதி மூன்று நிமிடம் பாடகர்கள் இருமுவது, தொண்டையைச் செருமுவது, பக்கத்தில் இருப்பவரோடு அரட்டை. அந்த மூன்று நிமிடம் இல்லாவிட்டால் இந்தப் படைப்பு உயர்ரகப் பதிவு ஒன்றின் விளம்பரமாகப் போயிருக்கும் என்பது என் எண்ணம். அரட்டை அடித்தவர்கள் பாடத் தொடங்கும்போது, தெரிந்தவர்கள் பாடுவதாகிவிடுகிறது. அதே சமயம் அங்கே யாருமே இல்லை என்பதும் தெரிகிறது. 2001 இலையுதிர் காலத்தில் இது நியூயார்க்கின் பி.எஸ்.1 காட்சியகத்தில் இருந்தது. அந்த ஊரில் அப்போது குரல் மட்டும் மிஞ்சிய மனிதர்கள் நிறைய. பதில்பேசிக் கருவிகளில் கணவனின், மகளின் கடைசிச் செய்தியை அழிக்காமல் வைத்திருந்தவர்கள் இருந்த நகரம். அங்கே வந்தவர்கள் அழுதார்கள் என்பதில் வியப்பென்ன?

பயத்தைப் பற்றி நான் இதுவரை பேசவில்லை. பேச அதிகமும் இல்லை. மனித அலறலில் ஒலியின் அளவு நொடிக்கு 30 முதல் 150 தடவை வரை ஏறி இறங்குகிறது. சாதாரணப் பேச்சில் இது நான்கைந்து தடவைதான். இந்தச் சொரசொரப்பு மூளையின் அமிக்டலாவை உசுப்புகிறது என்று 2015இல் லூக் ஆர்னாலும் சகாக்களும் காட்டினார்கள். அபாயச் சங்குகளிலும் இதே சொரசொரப்பு உண்டு. பேய்ப்படக்காரர்களுக்கு ஆய்வு தேவைப்படவில்லை, கைப்பழக்கத்திலேயே தெரிந்துகொண்டார்கள். யாரையும் எந்தக் கதையும் சொல்லாமல் திடுக்கிட வைத்துவிடலாம். அதனாலேயே அது கலையில் மலிவான சரக்கு.

*

கடைசியாக ஒரு வெட்கம். அமெரிக்க இசைக்கலைஞர் ஆல்வின் லூசியருக்குத் திக்குவாய். 1969இல் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் அவர் ஒரு பத்தி உரைநடையைப் படித்து நாடாவில் பதிந்தார். தாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று விளக்கும் பத்திதான் அது. அந்தப் பதிவை அறைக்குள் ஒலிக்கவிட்டு, ஒலிப்பதை இன்னொரு நாடாவில் பதிந்தார். அதை ஒலிக்கவிட்டு மீண்டும் பதிந்தார். 1980இல் தம் வீட்டில் செய்த பதிவில் இப்படி 32 தலைமுறைகள், முக்கால் மணி நேரம்.

ஒவ்வொரு அறைக்கும் பிடித்த அதிர்வெண்கள் உண்டு. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஐந்து மீட்டர் என்றால், அலைநீளத்தில் பாதி அந்த ஐந்து மீட்டருக்குள் கச்சிதமாக உட்காரும் 34 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் அங்கே ஓங்கும். குளியலறையில் பாடும்போது சில சுரங்கள் மட்டும் திடீரென்று கும்மென்று எழுவது இதனால்தான். ஒரு தடவையில் இந்தப் பாரபட்சம் காதுக்கே தெரியாது. கூட்டு வட்டிபோல அது ஏறும். அறை ஒரு அதிர்வெண்ணை ஒவ்வொரு முறையும் பத்து சதவீதம் தூக்கி, இன்னொன்றைப் பத்து சதவீதம் தாழ்த்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 32 முறையில் முதலாவது 21 மடங்காகும். இரண்டாவது 29இல் ஒரு பங்காகச் சுருங்கும். இரண்டுக்கும் இடையே 600 மடங்குக்கு மேல் பிளவு. சொற்களின் கூர்மை முழுக்கக் கரைந்து, மணியோசைபோல நீண்ட கார்வைகள் மட்டும் நிற்கும்.

இதை ஒரு பௌதிகச் செயல்விளக்கமாகப் பார்க்காமல், தம் பேச்சின் மேடுபள்ளங்களை நிரவுகிற வழியாகவே தாம் பார்ப்பதாக லூசியர் அந்தப் பத்தியின் முடிவில் சொல்கிறார். தாளம் என்று பொருள்படும் சொல்லில் அவர் நாக்கு சிக்குகிறது. முதல் சுற்றில் அதைக் கேட்கையில் நமக்குத்தான் கூச்சமாக இருக்கும், உதவிக்கு ஓடவேண்டும்போல. பத்துப் பதினைந்து சுற்று போனபின் சொல் எதுவும் புரியாது. ஆனால் ஒலி எங்கே நின்று எங்கே எழுகிறது என்ற நடை மட்டும் மிச்சமிருக்கும், திக்கிய இடம் உட்பட. அவர் நிரவ நினைத்த மேடுபள்ளமே கடைசியில் இசையின் தாளமாகிவிட்டது. இதில் அவர் தோற்றாரா ஜெயித்தாரா என்பதில் நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை. தொண்ணூறு வயதில் 2021இல் இறந்தார். முதுமையிலும் பார்வையாளர் முன் அமர்ந்து இதைச் செய்து காட்டியிருக்கிறார்.

இரண்டு கைப்பேசிகள் இருந்தால் நீங்களும் செய்யலாம். இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அறையின் குரலைத்தான் அது முதலில் நீக்கும். பொருள் நிறைந்த கூடம் வேண்டாம். ஓடு பதித்த குளியலறையோ, வாடகைக்கு விடக் காலிசெய்த வீடோ நல்லது. உங்களுக்கு முக்கியமான ஒரு வாக்கியத்தைச் சொல்லுங்கள்.

ஹாஸின் முழு இசைக்கும் நல்ல பதிவுகள் இருக்கின்றன. வயலின்கள், வியோலாக்கள், செல்லோக்கள், டபுள் பேஸ் எல்லாம் சேர்ந்து வாசிக்கும்போது அது துள்ளி ஓடுகிற இசை, துக்க இசையே அல்ல. ஃபிலிப்ஸின் இடைவெளிகளைக் கேட்கும் முன் அதை ஒருமுறை கேளுங்கள்.